ராக்கெட்டுக்கு எந்த உலோகக் கலவை வலுவானது?

இருப்பதிலேயே வலுவான கலவையில் ராக்கெட் முழுவதையும் செய்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. எந்தப் பாகம், எந்த வெப்பநிலையில், எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்று பார்த்துத்தான் தேர்வு செய்வார்கள்.

இஸ்ரோவின் பிஎஸ்எல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் சுமார் 139 டன் திட எரிபொருள், 2.8 மீட்டர் விட்டமுள்ள உறைக்குள் எரிகிறது. அந்த உறை மாரேஜிங் ஸ்டீல். அதில் 18% நிக்கல், கூடவே கோபால்ட், மாலிப்டினம். கார்பன் மிகக் குறைவு. இதன் அருமையே, மிருதுவாக இருக்கும்போது வளைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்பதுதான். அப்புறம் சுமார் 480 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால், உள்ளே நுண்துகள்கள் உருவாகி வலிமை பல மடங்கு என்று சொல்லாவிட்டாலும் பெரிதும் கூடும். உருவமும் அவ்வளவாகக் கோணாது.

இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட்டான எல்விஎம்3-இன் மேல் கட்டத்திலுள்ள திரவ ஹைட்ரஜன் தொட்டியில் கதை வேறு. மைனஸ் 253 டிகிரியில் சாதாரண எஃகு நொறுங்கிவிடும். செம்பு கலந்த 2219 என்ற அலுமினியக் கலவையோ குளிரில் இன்னும் வலுப்பெறும், எடையும் குறைவு. மேல் கட்டத்தில் ஒரு கிலோ குறைத்தால் செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். முதல் கட்டத்தில் அந்த லாபம் மிகச் சிறியது. அதனால்தான் அங்கே கனமான எஃகு கட்டுப்படியாகிறது.