வங்காளத்தில் 1946-47-ல் வாரக் குத்தகை விவசாயிகள் நடத்திய தெபாகா போராட்டத்தில் 'நெல்லை யார் களத்தில் அடிப்பது' என்பது ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை?

பங்கு பிரிப்பதே களத்தில்தானே, அதனால்தான்.

வங்காளத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, அடுத்தவர் நிலத்தை உழுதவர்களை பர்காதார் என்பார்கள். ஏர், மாடு, உழைப்பு பெரும்பாலும் அவர்களுடையது. விளைச்சலில் பாதி நில உரிமையாளரான ஜோத்தேதாருக்கு. சரி, மீதிப் பாதியாவது முழுசாக வந்ததா? அறுத்த கட்டுகளை ஜோத்தேதார் களத்தில்தான் போர் போட வேண்டும். பஞ்சமான மாதங்களில் கடனாக வாங்கிய நெல்லுக்கு வட்டி, அப்புறம் களம் கூட்டும் கூலி வரை அங்கேயே கழித்துக்கொள்வார்கள். மூட்டை வீடு வருவதற்குள் பாதி என்பது பேச்சளவில்தான் நிற்கும்.

மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கு என்று 1940-லேயே வங்காள நில வருவாய் முறையை ஆராய அரசு அமைத்த ஃப்ளவுட் கமிஷன் பரிந்துரைத்தது. அரசு அசையவில்லை. 1946 செப்டம்பரில் விவசாயிகள் சங்கமான கிசான் சபா அதையே கோரிக்கையாக்கியது. 'தெபாகா' என்றால் மூன்று பங்கு. அறுவடை வந்ததும் கட்டுகளைத் தங்கள் களத்துக்கே தூக்கிப் போனார்கள். போலீஸ் வந்தால் பெண்கள் சங்கு ஊதி ஊரைக் கூட்டினார்கள். என் பார்வையில், கோஷத்தைவிட இந்த இடமாற்றம்தான் ஜோத்தேதார்களை உலுக்கியது.

1947 ஜனவரியில் இந்தப் பங்கைச் சட்டமாக்கும் மசோதா வெளியானது, ஆனால் நிறைவேறவில்லை. பிப்ரவரியில் வங்காளத்தின் தினாஜ்பூர் மாவட்டம் கான்பூர் (Khanpur) கிராமத்தில் போலீஸ் சுட்டதில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேற்கு வங்கத்தில் பர்காதார்களின் பெயர்களை அரசே பெரிய அளவில் பதிவு செய்யத் தொடங்கியது 1978-ல்தான்.