துப்புத் துலங்காத கொலையும் நாவலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அமெரிக்கக் குற்ற நாவலாசிரியர் ஜேம்ஸ் எல்ராயின் ‘தி பிளாக் டாலியா’ நாவலை மகனிடம் சொல்லி வாங்கி, ஆங்கிலத்திலேயே படித்து முடித்தேன். பாதியில் நிறுத்த மனம் வரவில்லை; முடித்த பிறகு நிம்மதியும் இல்லை. நாவலுக்கு அடிப்படையான உண்மைச் சம்பவத்தில், 1947இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இளம்பெண்ணைக் கொன்றவர் யாரென்று இன்றுவரை தெரியாதபோது, நாவலாசிரியர் தாமே ஒரு கொலையாளியைப் படைத்து நிறுத்துவது என்ன நியாயம்? அதைவிட, செத்துப்போனவளைப் பொய் பேசித் திரிந்தவள் என்று எழுதினால் அவள் எழுந்து வந்து மறுக்கவா முடியும்? நான் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, எங்கள் ஊரருகே வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கீழே ஒரு மதகில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. யார் செய்தார்கள் என்று எந்தக் கோர்ட்டிலும் வெளிவரவில்லை. அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு மட்டும் ஒவ்வொரு திண்ணையிலும் தீர்ப்புச் சொன்னார்கள். நாவல் முழுக்க எனக்கு அந்தத் திண்ணைப் பேச்சுதான் கேட்டது.

ஒரு வாசகி, நீடாமங்கலம்

அன்புள்ள அம்மா,

தங்களுடைய இரண்டாவது கேள்வியே கனமானது என்பதால் முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நாவலில் வரும் கொலையாளியும் துப்பறியும் போலீஸ்காரர்களும் கற்பனைப் பாத்திரங்கள். லாஸ் ஏஞ்சலஸின் உண்மை வழக்கு இன்றும் தீராமலே இருக்கிறது. எல்ராய்க்குப் பத்து வயதானபோது, 1958 ஜூனில், அவருடைய தாய் லாஸ் ஏஞ்சலஸை அடுத்த எல் மான்டேயில் கொலை செய்யப்பட்டார். அதற்கும் துப்புத் துலங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மகனே விசாரித்தும் ஆள் அகப்படவில்லை. 1987இல் வந்த இந்த நாவலை அவர் தாய்க்கே காணிக்கையாக்கியிருக்கிறார். தாயின் சாவை நேராக எழுத இயலாத காலத்தில் வேறொரு பெண்ணின் சாவைக் கையில் எடுத்தார் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்த வேறொரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதே தங்கள் கேள்வி. எலிசபெத் ஷார்ட் பாஸ்டனில் பிறந்தவர். இறந்தபோது வயது 22. 1947 ஜனவரி 15 காலையில் லைமர்ட் பார்க் பகுதியின் காலி மனையொன்றில் அவர் உடல் கிடந்தது. முன்பு ஓர் இராணுவ முகாமில் வேலைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்திருந்த கைரேகையும் எஃப்பிஐ கோப்பில் இருந்ததால், யாரென்பது விரைவில் தெரிந்தது. உடனே ஒரு நாளேட்டின் நிருபர்கள் அவருடைய தாயைத் தொலைபேசியில் அழைத்து, மகள் அழகிப் போட்டியில் வென்றிருப்பதாகப் பொய் சொல்லி, அந்தப் பூரிப்பில் தாய் சொன்ன விவரங்களையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகே சாவுச் செய்தியைச் சொன்னார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. தங்கள் ஊர்த் திண்ணைகள் வாயால் செய்ததை அங்கே பத்திரிகைகள் அச்சில் செய்தன. பெற்றவர்கள் வைத்த பெயர் மங்கி ‘பிளாக் டாலியா’ என்று ஒரு பூவின் பெயர் நிலைத்தது. எல்ராய் அந்த அச்சுப் பேச்சைக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடங்களிலும் அதன்மேலேயே கட்டிக்கொண்டு போகிறார். தங்கள் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. என் கட்டுரையில் நடையைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டது பிழை.

உண்மைக் கொலையை நாவலாக்குவது பற்றிய இந்த வாதம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதை அடிப்படையாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’, பண்ணையாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியபோது, கூலிப் போராட்டத்தை ஒருவரின் உடற்குறைக்குள் சுருக்கிவிட்டதாக இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அங்கே கற்பனை கொன்றவர் பக்கம் போயிற்று. எல்ராயிடம் அது கொல்லப்பட்டவர் பக்கம் போகிறது. எனக்குப் பின்னதே அதிகம் கூசுகிறது.

ஆயினும் தங்கள் மதகையும் லைமர்ட் பார்க்கையும் ஒன்றாக வைக்க எனக்குத் தயக்கமுண்டு. யாரும் யாரையும் அறியாத நகரத்தில் சாட்சி கிடைக்காமல் போவதை விளங்கிக்கொள்ளலாம். இங்கோ, நடவு முடிந்த வயலின் வரப்பில் போகிறவர் இன்னாரென்று நடையை வைத்தே சொல்லிவிடுவார்கள். சந்தேக மரணம் என்றால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்து, 2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாகியுள்ள விதியின்படி அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவருக்குக் குறையாமல் பஞ்சாயத்தாராக வைத்துப் பிரேத விசாரணை நடத்தி, சாவின் காரணத்தை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். தெரிந்தவர்களே அந்தத் தாளில் கையெழுத்திட நேரும் ஊரில், ‘யார் கொன்றது’ என்று கேட்டுத் தொடங்கும் கதை வெகுதூரம் போகாது. டெல்டாவிலிருந்து ஒரு குற்ற நாவல் வருமானால் அது அந்தக் கையெழுத்துகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தங்கள் கடிதத்திலும் அந்தப் பெண் மதகில் ஒதுங்கிய உடலாக மட்டுமே வருகிறார். அவரைத் தாங்கள் உயிரோடு பார்த்ததுண்டா? பார்த்திருந்தால், எந்தத் தெருவில், என்ன செய்துகொண்டிருக்கும்போது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.