கணினியைப் பிரித்து மேயும் மகனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதம் கிடைத்தது.

முதலில் அவசரமான விஷயம். மகன் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்ட அந்தப் பழைய கணினியை உடனே அணைத்து வைக்கச் சொல்லுங்கள். குடும்பப் படங்கள் மொத்தமும் போய்விட்டன என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பு அழிந்தாலும், அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அது அங்கேயேதான் கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அப்படிக் கிடப்பதைத் தேடி எடுக்கும். பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, மீட்கும் படங்களை வேறொரு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். அதே டிஸ்க்கில் சேமித்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். பழைய கோப்புப் பெயர்கள் திரும்ப வராது, படங்கள் ஓரளவு வரலாம். உள்ளே இருப்பது எஸ்எஸ்டி என்ற புதுவகைச் சேமிப்பகம் என்றால் நம்பிக்கை குறைவுதான். இந்த வேலையை அவனையே செய்யச் சொல்லுங்கள். தொலைத்தவன்தானே தேட வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியில் எதையோ மாற்றிக் கெடுத்துவிட்டான், நாள் முழுக்க கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறான், இவனை நம்பி எப்படிப் புது மடிக்கணினி வாங்கித் தருவது?" என்று எழுதியிருந்தீர்கள்.

லினக்ஸ் போட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். உங்கள் வீட்டுக் கணினியின் வயதைப் பார்த்தால் அது இருக்க வாய்ப்பு குறைவு. அந்த நிலையில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டது விவரம் தெரிந்தவர்கள் செய்யும் வேலை. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி என்றால், அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதைத் தொடங்கியபோது அவருக்கு 21 வயது, ஹெல்சிங்கியில் மாணவர். அதனால் உங்கள் மகனும் அப்படி வருவான் என்று சொல்ல வரவில்லை. வேண்டாத பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தப்பு எங்கே என்றால், கையில் ஒரு நகல் எடுத்து வைக்காமல் அழித்ததில். அதற்குத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் கைபேசியில் கில்லாடிகள். சில மாதங்களுக்கு முன் கல்லூரி முடித்த ஒரு பெண்ணிடம் அவளுடைய சுயவிவரத்தை அனுப்பச் சொன்னேன். மடிக்கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினாள். ஓரத்தில் மின்விசிறியின் நிழல் கூட விழுந்திருந்தது. "கோப்பாகவே அனுப்பும்மா, எங்கே சேமித்து வைத்திருக்கிறாய்?" என்றால், "வேர்டுல இருக்கு சார்" என்றாள். எந்த ஃபோல்டர் என்ற கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. அவளுடைய மடிக்கணினி விலை உயர்ந்ததுதான். உங்கள் மகன் கோப்பு எங்கே இருக்கிறது, டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறான். அதற்குக் கொஞ்சம் படங்களை விலையாகக் கொடுத்திருக்கிறீர்கள். வருத்தம்தான்.

நிரல் தட்டச்சு செய்யும் மென்பொருளான எடிட்டரை மாதத்துக்கு ஒன்றாக மாற்றுகிறான் என்ற உங்கள் குறைக்குப் பெரிதாகப் பதில் இல்லை. விஐ, ஈமாக்ஸ் என்ற எடிட்டர்கள் இரண்டும் 1976-இல் வந்தவை. எது சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒன்றில் நிலைப்பான், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

புது மடிக்கணினி விஷயத்துக்கு வருவோம். கணினி அறிவியலா, கட்டடக்கலையா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இன்று வாங்காதீர்கள். எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறான் என்பது தெரிந்த பிறகுதான் எந்தக் கணினி என்ற பேச்சு. கட்டடக்கலையில் பரவலாகப் பயன்படும் ரெவிட் என்ற வரைவு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். மேக்கில் ஓடாது, லினக்ஸிலும் ஓடாது. அங்கே தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவைப்படும். கணினி அறிவியல் என்றால் எதிலும் சமாளிக்கலாம். ஐஃபோனுக்குச் செயலி எழுத வேண்டும் என்றால் மட்டும் மேக் இல்லாமல் நடக்காது, ஏனென்றால் அதற்கான ஆப்பிளின் மென்பொருள் எக்ஸ்கோட் அதில்தான் ஓடும். சேர்ந்த பிறகு துறையில் கேளுங்கள், மூத்த மாணவர்களிடமும் கேளுங்கள். ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்கு மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. வாங்கும்போதே மென்பொருளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட வேண்டாம்.

இரண்டு படிப்புக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம். ரேம் 16 ஜிபி இருக்கட்டும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அதில் கொஞ்சம் கை இறுக்கினாலும் பாதகமில்லை. அப்புறம், கடையில் நின்று ஒரு பத்தியாவது தட்டச்சு செய்து பார்க்கட்டும். படிப்பு முடியும்வரை அவன் விரல்தான் அந்த விசைகளைத் தட்டப்போகிறது, விளம்பரத்தில் வரும் பிராசசர் எண்ணை அல்ல.

அவனுக்கு லினக்ஸும் வேண்டும், படிப்புக்கு விண்டோஸும் வேண்டும் என்றால் சண்டை தேவையில்லை. 16 ஜிபி இருந்தால், கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாம். அதைக் கெடுத்தாலும் அந்த ஒரு பெட்டிதான் கெடும். பழைய கணினி முழுக்க அவன் சோதனைக்கூடமாகவே இருக்கட்டும். புதியதில் டிஸ்க்கைப் பிரிக்கிற வேலை மட்டும் முதல் வருடம் வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் படங்களுக்கு வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை நகல் எடுப்பது இனி அவன் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. என்ன கணினி வேண்டும், ஏன் வேண்டும் என்று அவனையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். விலையை விட்டுவிட்டு, எந்த வேலைக்கு எது தேவை என்று மட்டும் எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டு வாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். அவன் அந்தப் பக்கத்தை எந்த எடிட்டரில் எழுதினாலும் எனக்குச் சம்மதம்.