முறை முடிந்த மறுநாள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் வட்டாரத்து பாப்டிஸ்ட் சபைகளின் ஐக்கியத்துக்கு மூன்று ஆண்டுகள் தலைவராக இருந்துவிட்டுச் சென்ற மாதம் பொறுப்பிலிருந்து இறங்கினேன். இரவு பத்து மணிவரை ஓயாமல் அடித்த போன் இப்போது சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை. தொடங்கிய வேலைகள் பாதியில் நிற்கின்றன. புதிதாக வந்தவர்களுக்கு அனுபவம் போதாது. அடுத்த தேர்தலில் மறுபடி நிற்கும்படி சிலர் வற்புறுத்துகிறார்கள். நம் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஈவ்லின் பிராண்ட் அம்மையாரும் ஓய்வை மறுத்துத் திரும்பி வந்தவர்தானே? மூன்றாண்டுப் பணிகளைப் படங்களோடு ஒரு மலராக அச்சிடவும் எண்ணம் உண்டு. இந்த வெறுமையை எப்படிக் கடப்பது?

முன்னாள் தலைவர் (பெயர் வேண்டாம்),
ராசிபுரம்

அன்புள்ள ஐயா,

கடிதங்களுக்குப் பொதுவில் பதில் எழுதுவதை நான் குறைத்துக்கொண்டு நாளாகிறது. உங்களுடையதைத் தள்ளிவைக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சிறிய சபையில், பதவிக்காலம் முடிந்த செயலாளர் ஒருவர் மினிட் புத்தகத்தையும் பீரோ சாவியையும் ஓராண்டுக்கு மேலாகத் தம் வீட்டிலேயே வைத்திருக்கிறார். கேட்டால், பத்திரமாகத்தானே இருக்கிறது என்கிறார். ஒரு ரூபாய்கூடத் தொடாதவர், சபைக்காக உடம்பு தேய உழைத்தவர். நல்ல மனிதர் ஒருவருக்கு இது ஏன் இவ்வளவு கடினமாகிறது என்று நான் நினைத்து நினைத்து வருந்திக்கொண்டிருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

வெறுமை இருக்கும், ஐயா. எங்கோ ஒரு சபையில் கூரை ஒழுகினாலும், இன்னொன்றில் போதகருக்குச் சம்பளம் தள்ளிப்போனாலும் மூன்று ஆண்டுகளாகத் தூக்கம் கெட்டவர் நீங்கள். அந்தப் பாரம் திடீரென்று தோளில் இல்லாமல் போனால் உடம்பே தடுமாறும். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். மலர் வேண்டாம்; அந்தப் பணத்தில் ஒழுகும் கூரை ஒன்றை மாற்றுங்கள்.

ஆனால் பிராண்ட் அம்மையாரை நீங்கள் சாட்சிக்கு இழுத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற இங்கிலாந்து ஊழிய அமைப்பின் வழியாக இங்கே வந்தவர் அவர். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்து கொல்லிமலையிலேயே அடக்கமானார். 1914-இல் அதே மலையில் பிறந்த மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர். அம்மையார் எழுபதை நெருங்கியபோது மிஷன் அவருக்கு இன்னொரு தவணை தர மறுத்தது. அவர் கெஞ்சிக் கேட்டு ஒரே ஓர் ஆண்டு பெற்றார். அந்த ஆண்டு முடிந்ததும் மிஷனிலிருந்து முறைப்படி விலகி, தம் சொந்தப் பொறுப்பில் மலையேறினார். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை அந்த மலைமக்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தார். அவர் திரும்பிப் போனது எந்த நாற்காலிக்கு, சொல்லுங்கள்? அங்கே அவருக்குத் தலைமை உரை இல்லை, கையெழுத்து அதிகாரம் இல்லை, சால்வை இல்லை. பதவியை விட்ட பிறகும் வேலையை விடாதவர் அவர். நீங்களோ வேலைக்காகப் பதவி வேண்டும் என்கிறீர்கள். மலைக்குப் போய் நோயாளி ஒருவரைப் பார்த்து ஜெபித்துவிட்டு வர உங்களை எந்தத் தேர்தல் தடுக்கிறது?

புதியவர்களுக்கு அனுபவம் போதாது என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். மூன்று ஆண்டுகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம் அவர்கள். வரவு செலவை அவர்களைப் படிக்கவைத்தீர்களா? ஒரு மனஸ்தாபத்தைத் தீர்க்கப் போனபோது உடன் அழைத்துப் போனீர்களா? சொத்துப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் தம் ஒருவர் தலைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, போகும்போது பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கவலைப்படுவது எந்த ஊர் நியாயம்? வேதாகமத்தின் எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்த லேவியர்களுக்கு ஐம்பது வயதோடு வேலை முடிகிறது. அதன் பிறகு சகோதரரோடு நின்று காவல் காக்கலாம், ஆனால் அந்தப் பணியைச் செய்யக் கூடாது என்று இருக்கிறது. இளையவன் சுமக்கப் பழகும்போது தடுமாறுவான் என்பது அந்தக் கட்டளையைத் தந்தவருக்குத் தெரியாதா?

அதிலும் நீங்கள் பாப்டிஸ்ட். உங்கள் முன்னோடிகளில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ், 1612 வாக்கில் இங்கிலாந்துக்குத் திரும்பி, மனிதரின் ஆத்துமாவின்மேல் அரசருக்கு அதிகாரம் இல்லை என்று அந்த அரசருக்கே எழுதி, நியூகேட் சிறையில் உயிரை விட்டவர். மேலே பேராயர் இல்லை, ஒவ்வொரு சபையும் கூடிப் பேசித் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பதுதானே உங்கள் வழக்கம்? ஐக்கியத்தின் தலைவர் கையில் இருந்ததெல்லாம் சபைகள் மூன்று ஆண்டுக்கு நம்பிக் கொடுத்தது மட்டும்தான். கூட்டுக்கிணற்றில் பங்குள்ள குடும்பத்தில் பிறந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முறை முடிந்தால், கடைசிப் பாத்தி காய்ந்து கிடந்தாலும், மடையை அடைத்துப் பக்கத்துக் காட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். அவருக்குப் பாய்ச்சத் தெரியாது, அதனால் இன்னும் இரண்டு நாள் நானே வைத்துக்கொள்கிறேன் என்று வரப்பில் நின்று யாரும் சொல்வதில்லை.

என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையின் பொருளாளராக இருந்தார். காணிக்கைப் பெட்டிச் சாவி எப்போதும் அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும், குளிக்கும்போதும் கழற்றமாட்டார். பொறுப்பு மாறிய சபைக்கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தகரப் பெட்டியைத் திறந்து ரசீதுப் புத்தகங்களை அடிக்கட்டையோடு வரிசையாக மேசைமேல் அடுக்கினார். கணக்கில் இரண்டு ரூபாய் சொச்சம் குறைந்தது. தம் பையிலிருந்து எடுத்து வைத்தார். ஆனால் அதைக் காணிக்கை என்று எழுதவிடவில்லை, பொருளாளர் கணக்கில் குறைந்ததைக் கட்டினார் என்றே எழுதவைத்தார். வேதாகமத்தில், தலைமையை விட்டு இறங்கும்போது மக்கள் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று கேட்ட சாமுவேல் தீர்க்கதரிசியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வரும். சாமுவேலும் தாம் செய்தவற்றை அடுக்கிச் சொல்லவில்லை. கடைசியில் அப்பிச்சி வேட்டியைத் தளர்த்திச் சாவியை அவிழ்த்தார். சாவி பட்டுப்பட்டு இடுப்பில் ஒரு கறுத்த தழும்பு இருந்தது.

அதன் பிறகு புதிய பொருளாளர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். கேட்டதற்கு மட்டும் அப்பிச்சி பதில் சொன்னார், மோர் கொடுத்தார், வாசல்வரை போய் அனுப்பிவைத்தார். அந்த மனிதர் வாடகைக் கணக்கில் ஒரு தவறு செய்துகொண்டிருப்பது அப்பிச்சிக்குத் தெரியும். அம்மாயியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதை அவுரு கேக்கலையே கண்ணு. சபைக் கூட்டத்துல தெரிய வரும்" என்றார். இரவில் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள், திருத்தினார்கள். அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை இந்த வயதில்தான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

நீங்கள் ஒப்படைத்தவற்றைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை, ஐயா. வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றும் தீர்மானம் போட்டாயிற்றா? உங்கள் ஐக்கியம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், புதிய நிர்வாகிகளின் பெயர்களைப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்தாயிற்றா? யாருக்கு வாய்வார்த்தையாக என்ன உதவி சொல்லியிருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் புதிய தலைவரின் கையில் கொடுங்கள். இதையெல்லாம் இந்த வாரத்துக்குள் முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கீழே உங்கள் பெயர் மட்டும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவது என்று கேட்டிருந்தீர்கள். அப்பிச்சி கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்தார். அங்கே வேப்பமரத்துக் காற்று நன்றாக வரும்.