திருநீற்றுப் பச்சிலை ஒற்றைக் குச்சியாக நிற்பது ஏன்?

கேள்வி: பேசில் எனப்படும் திருநீற்றுப் பச்சிலையைத் தொட்டியில் விதைத்து வளர்க்கிறேன். இரண்டடி உயரம் வந்தும் பக்கக் கிளையே இல்லை. தேவைப்படும்போது அடி இலைகளை மட்டும் பறித்து வந்தேன். இப்போது நுனியில் பூங்கதிர் வந்து, புது இலைகள் சிறுத்துவிட்டன. உரம் போதவில்லையா?

பதில்: உரப் பையை ஓரமாக வைத்துவிடுங்கள். கோளாறு மண்ணில் இல்லை, நீங்கள் பறிக்கும் இடத்தில் இருக்கிறது.

தண்டை உற்றுப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக வந்திருக்கும். ஒவ்வொரு இலைக்காம்பின் இடுக்கிலும் ஒரு சிறு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். நுனிக் குருத்தில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழிறங்கி, அந்த மொட்டுகளைத் தலைதூக்க விடுவதில்லை. நுனியைக் கிள்ளினால் அந்தக் கெடுபிடி தளர்ந்து, வெட்டுக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து இரண்டு கிளைகள் கிளம்பும். அவற்றையும் கிள்ளினால் நான்காகும். நீங்களோ நுனியை வளர விட்டுவிட்டு, செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டிருந்த பெரிய இலைகளைப் பறித்திருக்கிறீர்கள். அடி இலைதானே, செடிக்கு நோகாது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

செடியைக் காப்பாற்ற வழி உண்டு. பூங்கதிரோடு மேற்பகுதியை வெட்டிவிடுங்கள். ஆனால் வெட்டுக்குக் கீழே நல்ல இலைகளோடு இரண்டு கணுக்களாவது மிஞ்ச வேண்டும். இலையே இல்லாமல் கட்டை தட்டிப்போன தண்டு பல சமயம் துளிர்ப்பதில்லை. ஓரிரு வாரங்களில் புதுக் கிளைகள் வரும். அவை விரலளவு நீண்டதும், பூக்காத ஒரு கிளையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கித் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரங்களில் வேர் விடும். இது ஓராண்டுச் செடி. பூத்து விதை பிடித்த பிறகு அதோடு மல்லுக்கட்டுவதைவிடப் பதியன் தயாராக இருப்பது நல்லது.

அடுத்த முறை மூன்று நான்கு ஜோடி இலை வந்ததுமே கிள்ளிவிடுங்கள். இளஞ்செடியின் தலையைக் கொய்ய முதலில் கை கூசும், எனக்கும் கூசியது. அதன் பிறகு எப்போது பறித்தாலும் கணுவுக்குச் சற்று மேலே, கிளை நுனியோடு பறியுங்கள். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு மெலிந்திருந்தால் வெயிலும் போதவில்லை என்று பொருள். நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் பட வேண்டும். உரத்தைப் பொறுத்தவரை சிக்கனமே மேல். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருக்கும், மணம் குறையும்.

இலை மஞ்சளானாலும் உடனே உரக் குறை என்று முடிவுகட்டாதீர்கள். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சாம்பலும் ஊதாவும் கலந்த தூள் படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்ற செடிகளுக்குப் பாதுகாப்பு. இலை இரவெல்லாம் ஈரமாக இருப்பதுதான் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். எனவே காலையில், இலையை நனைக்காமல், மண்ணில் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

பறித்த கிளைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரை இந்த இலை தாங்காது. தண்ணீர் ஊற்றிய டம்ளரில் நிறுத்தி மேசை மேல் வையுங்கள். சமையலுக்கு எடுக்க மறந்த கிளை அங்கேயே வேர் விட்டிருந்தால், அதையும் ஒரு தொட்டியில் நட்டுவிடலாம்.