மலை இறங்கும்போது பிரேக் பெடல் உள்ளே போனது, கீழே வந்ததும் சரியாகிவிட்டது. பேடு புதியதுதான். என்ன காரணம்?

பிரேக் ஆயிலை மாற்றி எவ்வளவு நாள் ஆச்சு? வண்டி வாங்கியதிலிருந்தே மாற்றியிருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் (பெடலோடு இணைந்த பம்ப்) இருக்கும் ஆயில் குழாய் வழியே போய், சக்கரத்தில் இருக்கும் காலிப்பர் என்ற கவ்வியின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு நெருக்கும். திரவம் அமுங்காது என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடே. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியபின் 140 வரை தாங்கினால் போதும் என்பதுதான் தர அளவு. டாட் 4க்கு 230, 155. இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் சூடு காலிப்பருக்கு ஏறி, ஈரம் ஏறிய ஆயில் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் நீங்கள் மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்கத்தான் போகும், பேடுக்குப் போகாது. ஆறினால் குமிழி அடங்கிவிடும். அதனால்தான் கீழே வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் "ஒண்ணும் இல்ல சார்" என்கிறார். பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது பேடு சூடாகிப் பிடிப்பு இழப்பது, அது வேறு கதை.

எங்கள் மாமா (அக்கா கணவர்) வண்டியில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது இதேதான் நடந்தது. அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு. பெட்ரோல் மிச்சம் என்று அவர் நியூட்ரலில் விட்டு வந்தார். கருகல் வாடை வந்தபோதே "செகண்டுக்கு வாங்க மாமா" என்றேன், கேட்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் "தரை வரைக்கும் போகுதுடா" என்றார், குரலே மாறிவிட்டது. பெடலை விட்டு விட்டு மிதிக்கச் சொல்லி, கியரைக் குறைக்கச் சொல்லி, ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்தியபடியே நான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அது கேபிள் வழியாகப் பின் டிரம்மைப் பிடிப்பது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றோம். அக்கா தண்ணீர் பாட்டிலோடு இறங்கினாள், சக்கரத்தில் ஊற்ற விடவில்லை. கொதிக்கும் டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் வளையும், விரிசலும் விடலாம்.

பொள்ளாச்சி வந்து நிப்பிளை (சக்கரத்தருகே பழைய ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்து பார்த்தால், வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் வருகிறது. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் 'பிரேக் சர்வீஸ்' என்று காசு வாங்கியிருக்கிறார்கள்! செய்ததெல்லாம் துடைத்து, டப்பாவில் குறைந்த அளவுக்கு ஊற்றியதுதான். பேடு தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. மேலே ஊற்றுவதால் உள்ளே ஏறிய ஈரம் எங்கும் போகாது.

"நான் மாற்றியதே இல்லை, ஒன்றும் ஆகவில்லையே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். சமவெளியில் ஆகாமல் இருக்கலாம். நான் மெக்கானிக் இல்லைதான், ஆனால் இந்த மலையில் ஏறி இறங்குவதே என் பிழைப்பு. நியூட்ரலில் மிச்சம் என்பதும் பழைய கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால், இறக்கத்தில் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடித்துக்கொண்டிருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. வரையாடு தெரிந்தால் போதும், வளைவிலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுக்க இறங்கிவிடுகிறார்கள். பின்னால் பிரேக் சூடான வண்டி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று நினைப்பதே இல்லை. ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதையும் யாரும் மதிப்பதில்லை.

சரி, உங்கள் விஷயம். எந்த டாட் வகை என்பது ஆயில் டப்பா மூடியிலேயே இருக்கும். பொதுவாக 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், உங்கள் வண்டிக் கையேட்டையும் பாருங்கள். மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நான்கு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, தெளிவான ஆயில் வரும்வரை விட வேண்டும். சீல் பிரித்துக் கிடந்த பாட்டிலை ஊற்ற விடாதீர்கள், அதிலும் ஈரம் ஏறியிருக்கும்.