பழைய ரோல்ஸ் ரேசரில் சவரம் செய்யலாமா?

கேள்வி: பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ரோல்ஸ் ரேசர் ஒன்று கிடைத்தது. உலோகப் பெட்டிக்குள் கத்தி, கல், தோல் எல்லாம் இருக்கின்றன. இதில் சவரம் செய்ய முடியுமா? யாராவது செய்து பார்த்ததுண்டா?

செய்து பார்த்ததுண்டு. அதற்கு 31 ஆண்டு மீசையைப் பறிகொடுத்தவன் என்ற தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் இந்நேரம் பெட்டியைத் திறந்து, கைப்பிடியை நிமிர்த்தி, நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். கத்தி ஒவ்வொரு முனையிலும் தானாகப் புரண்டு படுத்து, 'டக், டக்' என்று சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தில் மயங்கித்தான் இங்கே கேட்க வந்திருக்கிறீர்கள். தவறில்லை. நானும் அப்படித்தான் விழுந்தேன்.

என்னுடையது குடும்பச் சொத்து அல்ல. காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கினேன். பர்மா தேக்குக் கதவுகளுக்கும் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் நடுவில் கிடந்தது. கடைக்காரர் 3,000 ரூபாய் என்றார். "ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனிக்காரன் செய்தது ஐயா, இது சும்மாவா?" என்று வேறு சொன்னார். அந்தக் கார் கம்பெனிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது லண்டனில் கிரிக்கிள்வுட் பகுதியில் இருந்த ரோல்ஸ் ரேசர் என்ற தனி நிறுவனத்தின் சரக்கு. இதைச் சொல்லிச் சொல்லியே 1,800 ரூபாய்க்குக் கொண்டுவந்தேன். அந்தக் காசுக்குச் சாதாரண பிளேடு வாங்கினால் பத்து ஆண்டு சவரம் நடக்கும் என்று என் மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள். கணக்கு சரிதான். அதனால்தான் பதில் சொல்லவில்லை.

இந்த ரேசரின் சூட்சுமமே அந்தக் கணக்குக்கு எதிரானது. ஜில்லெட் பிளேடு தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டும். ரோல்ஸ்காரர்கள் எறியவே வேண்டாத ஒற்றைக் கத்தி என்றார்கள். நம் ஊர் சவரக்கத்தியின் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்ததுபோல, முதுகு தடித்து, முனை மெலிந்த எஃகு. பெட்டிக்கு இரண்டு பக்கமும் மூடி. ஒரு மூடியின் உட்புறம் சாணைக்கல், மற்றதில் தோல் பட்டை. கல் மூடியைக் கழற்றினால் தோலில் தீட்டலாம், தோல் மூடியைக் கழற்றினால் கல்லில் தீட்டலாம். தோல் தினசரி வேலைக்கு, கல் எப்போதாவது. தீட்டி முடித்ததும் கத்தியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சவரத்தைத் தொடங்க வேண்டியதுதான். மின்சாரமும் வேண்டாம், கடைக்குப் போகவும் வேண்டாம்.

பழையது என்றாலே பொன் என்று கூவுகிற கூட்டத்தில் நான் இல்லை. என் சமையலறையில் இன்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. முழுக்கத்தியில் சவரம் செய்து தேர்ந்த சிலர் வந்து, "கோணம் தெரியாதவன், கத்தி பிடிக்கத் தெரியாதவன்" என்பார்கள். சொல்லட்டும். இங்கே கேள்வி முழுக்கத்தியைப் பற்றி அல்ல, அவர்களைப் பற்றியும் அல்ல.

முதல் நாள் நான் செய்த மடத்தனம் தோல் பட்டையில் தேங்காய் எண்ணெய் தடவியது. காய்ந்து விறைத்துப் போயிருந்த தோலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எண்ணெயில் ஊறிய தோலில் கத்தி வழுக்கிக்கொண்டு போனதே தவிர, கூர் ஏறவில்லை. கன்னத்தில் வைத்து இழுத்தபோது முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு தோலைத் துடைத்துக் காயவைத்து, கத்தியின் கூரை மெருகேற்றும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையை லேசாகப் பூசினேன். எங்கள் தெரு முனையில் முடிதிருத்தும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது அவரும் பாதி பிளேடு செருகும் கத்திதான் வைத்திருக்கிறார் என்றாலும், பழைய கை. என் கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, "நடுவில் கூர் இருக்கிறது ஐயா, ஒரு ஓரத்தில் பல் விழுந்திருக்கிறது. முதலில் கல், பிறகு தோல்" என்றார். நாலு நாள், தினம் கொஞ்சம், அழுத்தாமல் கல்லில் தள்ளினேன். பிறகு தோலில் ஐம்பது தடவை. ஐந்தாம் நாள் முன்கை முடியை வழித்துப் பார்த்தால், ஓசையே இல்லாமல் போனது.

அன்று கிடைத்த சவரத்தைப் பற்றிச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சூடான நீரில் முகம் கழுவி, பிரஷ்ஷில் நன்றாக நுரை ஏற்றி, கத்தியை ஏறக்குறையப் படுக்கவைத்து இழுத்தேன். கத்தியின் கனமே வேலையைச் செய்தது. இரண்டு கன்னமும் முடிந்தன. ஒரு கீறல் இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆணவம். மீசையின் ஓரத்தையும் இதிலேயே நேர்செய்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த ரேசரின் தலை பெரிது. மூக்குக்குக் கீழே கொண்டுபோனால் கத்தி எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் தெரியாது. இடது பக்கம் ஓர் இழுப்பு. மீசையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டியில் விழுந்தது. வலது பக்கத்தை அதற்குச் சமமாக்கப் பார்த்து இன்னும் கெடுத்தேன். கடைசியில் முழுவதையும் எடுத்துவிட்டுப் படிகாரம் தடவிக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் தங்கை மகளின் நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான்தான் தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் போக வேண்டும். மண்டப வாசலில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் முகம் மாறி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எப்போது? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபோது, 84 வயதான என் அப்பா நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். ஆனால் இந்த மாதிரி விஷயம் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். "நான் இன்னும் இருக்கிறேனடா. அதற்குள் ஏன் எடுத்தாய்?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால். அன்று மட்டும் ஏழு பேருக்கு விளக்கம் சொன்னேன்.

இதில் அதிகம் சிரித்தவர் என் மைத்துனர். சிரிக்கட்டும். ஆனால் என் 12 அடி அலுமினிய ஏணியை வாங்கிக்கொண்டு போய் இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. "நாளைக்குக் கொண்டுவருகிறேன் அத்தான்" என்பதோடு சரி. பரணில் ஏற நான் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் மீசையைப் பற்றிப் பேச அவருக்கு என்ன அருகதை? இதற்கும் கேள்விக்கும் தொடர்பில்லை, தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரோல்ஸ். மற்ற நாளில் சாதாரண ரேசர். கன்னத்துக்கும் தாடைக்கும் மட்டும்தான் ரோல்ஸ், மேலுதட்டின் பக்கமே போவதில்லை. தாடி சொரசொரப்பு அதிகமுள்ளவர்களுக்கு இரண்டாம் தடவை இழுக்க வேண்டிவரும்.

உங்கள் கத்தியில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். பூதக்கண்ணாடி வைத்துக் கூரின் ஓரத்தைப் பாருங்கள். துருக் குழி கூர் வரைக்கும் வந்திருந்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், முகத்தில் வைக்காதீர்கள். கல்லில் விரிசல் இருந்தாலும் அப்படியே. இரண்டும் நன்றாக இருந்தால், கத்தியை ஸ்பிரிட்டில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்கலாம். உதிரிக் கத்திக்குக் கம்பெனியைத் தேடாதீர்கள். சவரத்தை விட்டுவிட்டு ஜான் புளூம் என்பவர் கையில் வாஷிங் மெஷின் விற்கப்போன அந்த நிறுவனம் 1964 ஜூலையில் திவாலானது.

மீசை வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வைத்திருந்தால், குடும்பத்தில் விசேஷம் எதுவும் இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.